ஒன்பது பேர் கம்பெனி

எங்கள் மேனேஜர் பொய் சொல்லி நான் ஒரு நாளும் கேட்டதில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் பதினாறு வருஷம் வேலை பார்த்தவள் சொல்கிறேன், அது லேசான காரியம் இல்லை. கல்கத்தாவிலிருந்து வந்த வியாபாரி ஒருவர் ஒரு முறை பனியனை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்துவிட்டு, துவைத்தால் சுருங்குமா என்று உடைந்த தமிழில் கேட்டார். முதலாளி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

"உள்ளதைச் சொல்லீர்றனுங்க. ரண்டு தொவைப்புல ஒரு விரக்கடை சுருங்குமுங்க. அதுக்கு மேல சுருங்காதுங்க" என்றார் மேனேஜர்.

முதலாளிக்கு முகம் கறுத்துவிட்டது. வியாபாரியோ வழக்கமாக எடுப்பதைப்போல இரண்டு மடங்கு சரக்குக்குச் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து வெளியூர்க்காரர் யார் வந்தாலும் முதலாளி பின்னால் நகர்ந்துகொண்டு மேனேஜரை முன்னால் விட்டார்.

வியாபாரிகளுக்கு இனித்த அந்த 'உள்ளதைச் சொல்லீர்றனுங்க' எங்களுக்குக் கசக்கும். கண் மங்கிப்போன டைலர் ஒருவர் இருந்தார். தன்னை வேலையில் வைத்திருப்பார்களா மாட்டார்களா என்று மாதக்கணக்கில் மனசுக்குள் புழுங்கிக்கொண்டிருந்தவர் ஒரு நாள் துணிந்து கேட்டுவிட்டார். "தீவாளி வரைக்கும் வெச்சிருப்போமுங்க. அதுக்கு மேல இல்லீங்க" என்றார் மேனேஜர். அதற்குப் பிறகு அந்த டைலர் முன்னைவிட நன்றாகத் தைத்தார். தீபாவளிக்கு மறுநாள் அவருடைய மெஷினில் வேறு ஆள் உட்கார்ந்திருந்தான். போகும்போது டைலர் மேனேஜரைக் கும்பிட்டுவிட்டுப் போனார். எதற்குக் கும்பிட்டார் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மேனேஜர் மெலிந்த ஆள். நீலம் கொஞ்சம் தூக்கலாகப் போட்ட அரைக்கைச் சட்டை, நாலு முழ வேட்டி. குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. பதினைந்து வயதுப் பெண்ணாக இருந்தாலும் 'அம்மிணி', 'வாங்க', 'போங்க' என்றுதான் பேசுவார். திட்டுகிற முதலாளிகளிடம் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள் முதல் வாரம் இவரைத் தெய்வம் என்பார்கள்.

அவருடைய நேர்மையை நான் என் கல்யாண விஷயத்திலேயே பார்த்தேன். எங்களுக்குக் குன்னத்தூர்ப் பக்கம். கிணறு வற்றி, அப்பா மாட்டை விற்று, நான் பனியனில் நூல் பிசிர் வெட்டுகிற வேலைக்கு வந்தவள். மடத்துக்குளத்திலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் பெண் எப்படி என்று விசாரிக்கக் கம்பெனிக்கே வந்துவிட்டார்கள். மேனேஜர் அவர்களுக்கு மோர் வாங்கிக் கொடுத்து உட்கார வைத்துச் சொன்னாராம். "வேலைல கெட்டிங்க. கோவம் வருமுங்க. சின்ன வயசுல ரண்டு தடவை வலிப்பு வந்திருக்குதுங்க." எப்போதோ லீவு கேட்கப் போனபோது நானேதான் அதை அவரிடம் சொல்லியிருந்தேன். மாப்பிள்ளை வீட்டார் மோரைக் குடித்துவிட்டுப் பஸ் ஏறிவிட்டார்கள். ஏனுங்க இப்படிச் செய்தீர்கள் என்று அழுதுகொண்டே கேட்டேன். "கேட்டாங்க, சொன்னேனுங்க. மறைச்சுக் கட்டிக் குடுத்து நாளைக்கு அவிங்களுக்குத் தெரிஞ்சா யாருக்குங்க கஷ்டம்?" என்றார். அதற்கப்புறம் வரன் எதுவும் வரவில்லை.

எங்களிடம் வருவதற்கு முன் அவர் கோயமுத்தூரில் ஒரு மில் ஆபீசில் இருந்தவர். அங்கே சங்கம், ஸ்டிரைக், லேபர் கோர்ட் எல்லாவற்றையும் பக்கத்திலிருந்து பார்த்தவர். காலையில் கம்பெனிக்கு வந்தால் முதலில் பேப்பர். அரசாங்கம் எந்தத் தொழிலுக்கு என்ன சட்டம் போட்டது, எதற்கு என்ன சலுகை கொடுத்தது என்று விரலை வைத்து வரிவரியாகப் படிப்பார். அப்போது ஊர் வேகமாக மாறிக்கொண்டிருந்த நேரம். தோட்டத்தில் தண்ணீர் இல்லாத கவுண்டர்மார்கள் ஆளுக்கொரு நிட்டிங் மெஷின் வாங்கி மாட்டுத் தொழுவத்தில் வைத்து ஓட்டினார்கள். கம்பெனி பெருகியது, ஆள் பெருகியது, சங்கமும் வந்தது. எங்கள் கம்பெனியில் நாற்பத்தோரு பேர் இருந்தோம். லீவுக்குச் சம்பளம், பிள்ளைப்பேற்றுக்குச் சம்பளம் என்று சங்கத்துக்காரர்கள் வாசலில் நின்று பேச ஆரம்பித்தார்கள்.

முதலாளி பயந்துபோய் மேனேஜரைக் கூப்பிட்டார். நான் அப்போது அவருடைய அறைக்குப் பக்கத்தில் பனியன் மடித்துக்கொண்டிருந்தேன்.

"உள்ளதைச் சொல்லீர்றனுங்க. மோட்டார் ஓடற எடத்துல பத்துப் பேர் இருந்தா அது பேக்டரிங்க. ஒம்பது பேர் இருந்தா இல்லீங்க, லீவுச் சம்பளச் சட்டமெல்லாம் ஒட்டாதுங்க" என்றார் மேனேஜர்.

"நாப்பது பேரை வெச்சுக்கிட்டு ஒம்பதுன்னு பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"பொய் எதுக்குங்க? ஒம்பதாவே வெச்சுக்கலாமுங்க."

அடுத்த மாதம் கொத்தனார்கள் வந்தார்கள். நீளமான ஒரே கொட்டகையின் குறுக்கே மூன்று சுவர்கள் எழும்பின. வீதியைப் பார்த்து நான்கு வாசல்கள், நான்கு பெயர்ப் பலகைகள். ஒன்று முதலாளி பேரில், ஒன்று அவர் சம்சாரம் பேரில், ஒன்று மச்சான் பேரில், ஒன்று மாமியார் பேரில். மோட்டார் மட்டும் ஒன்றுதான். முதல் அறையில் அது ஓட, அதிலிருந்து புறப்பட்ட இரும்புத் தண்டு மூன்று சுவரிலும் போட்ட ஓட்டைகள் வழியாக நான்கு கம்பெனிகளையும் ஓட்டியது.

ஒரு கம்பெனிக்கு ஒன்பது பேர். நான்கு கம்பெனிக்கு முப்பத்தாறு. மிச்சம் ஐந்து பேர் வீட்டுக்குப் போனார்கள். அந்த வருஷம் திருப்பூரில் பனியன் கம்பெனிகள் ஏராளமாகப் பெருகிவிட்டன, சிறுதொழில் செழிக்கிறது என்று பேப்பரில் போட்டிருந்தான். மேனேஜர் அதை எங்களுக்கு வாசித்துக் காட்டினார். நக்கலாக வாசிக்கவில்லை. மற்ற முதலாளிகள் வந்து சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஊரில் கொத்தனார்களுக்கு ஓய்வில்லை.

சுவர் காய்வதற்குள் மேனேஜர் எங்களை வரிசையாகக் கூப்பிட்டார். மேஜையில் இரண்டு காகிதம். பழைய கம்பெனியிலிருந்து நானே விலகிக்கொள்கிறேன் என்று ஒன்று. புதுக் கம்பெனியில் இன்றைக்குத்தான் வேலைக்குச் சேருகிறேன் என்று இன்னொன்று.

"உள்ளதைச் சொல்லீர்றனுங்க. இதுல கையெழுத்துப் போட்டா பழைய சர்வீஸ் பூராவும் போயிருமுங்க. போடாட்டி வேலை போயிருமுங்க. ரண்டுல எது வேணுமோ அதைப் பண்ணுங்க."

எல்லாரும் போட்டோம். மைமூன் மட்டும் போடவில்லை. அவள் என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவள். புருஷன் பம்பாய் போய்த் திரும்பி வரவில்லை, ஒரு மகன். வாய் ஓயாமல் பேசுவாள், மேனேஜரைப்போலவே பேசிக் காட்டி எங்களைச் சிரிக்க வைப்பாள்.

"ஏனுங்க, நேத்து இருந்த எடத்துலதான் இன்னைக்கும் உக்காந்திருக்கறேன். செவுருதானுங்க நடுவால வந்துச்சு. நான் எங்கீங்க விலகுனேன்?" என்று கேட்டாள்.

மேனேஜர் காகிதத்தைத் தன் பக்கம் திருப்பி ஒரு முறை படித்தார். "நீங்க சொல்றது நெசமுங்க" என்றார். பிறகு காகிதத்தை அவள் பக்கம் நகர்த்தினார். "போடுங்க."

அவள் இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் மகனுக்குக் காய்ச்சல் என்று வந்து போட்டாள்.

நானும் மைமூனும் இரண்டாம் நம்பர் கம்பெனி. பனியனில் டேமேஜ் பார்த்து, மடித்து, பெட்டி கட்டுகிற இடம். ஒன்பது பேரில் நான் வயதில் மூத்தவள் என்பதால் பொறுப்பு என்னிடம். காலண்டர் மெஷின் மூன்றாம் நம்பரில். ஆவியில் சூடேறிய இரண்டு உருளைகளுக்கு நடுவில் துணியை விட்டால் அது மடிப்புக் கலைந்து பப்படம்போல வெளியே வரும். ஒரு கம்பெனி ஆள் இன்னொரு கம்பெனிக்குள் போகக் கூடாது என்பது மேனேஜர் போட்ட உத்தரவு. ஆனால் துணி போய்த்தானே ஆக வேண்டும். நாங்கள் வீதியில் இறங்கி அடுத்த வாசலில் ஏறும்போதெல்லாம் அவர் பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொள்வார். நாளைக்கு யாராவது கேட்டால், பார்க்கவில்லை என்று சொல்ல வேண்டும். அது பொய்யாகிவிடக் கூடாது.

ஐப்பசி மாதம், தீபாவளிச் சரக்கு நெருக்கடி. காலையில் மேனேஜர் எங்கள் அறைக்கு வந்து, என்னைப் பார்க்காமல் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு, "மூணாம் நம்பர்ல ஆள் ஒண்ணு கொறையுதுங்க" என்றார். அவ்வளவுதான். போய்விட்டார். அனுப்பு என்று சொல்லவில்லை. யாரை என்றும் சொல்லவில்லை. நான் திரும்பிப் பார்த்தேன். மைமூன் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள்.

"மைமூன், நீ போ" என்றேன்.

பத்து மணி இருக்கும். துணியின் சுருக்கத்தை நீவி விடும்போது அவள் வலது கை விரல்கள் துணியோடு உருளைக்குள் போய்விட்டன. சுவர் இல்லாத காலத்தில் யாராவது கத்தினால் முதல் அறையில் மோட்டார்க்காரன் சுவிட்சை இறக்கிவிடுவான். இப்போது நடுவில் இரண்டு சுவர். காலண்டர்க்காரன் தண்டில் மாட்டியிருந்த பெல்ட்டைக் கட்டையால் தட்டிக் கழற்றப் பார்த்தான், கழலவில்லை. வீதிக்கு ஓடி, முதல் கம்பெனி வாசலுக்குப் போனான். கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. அவன் கதவை இடித்து, அவர்கள் திறந்து, மோட்டார் நிற்பதற்குள் உருளை முழங்கை வரைக்கும் இழுத்துவிட்டது. சுவருக்கு இந்தப் பக்கம் நான் மடித்துக்கொண்டிருந்தேன். என்னவோ சத்தம் என்று நினைத்தேன். அங்கே சத்தம் எப்போதும் இருப்பதுதான்.

ஆஸ்பத்திரியில் முழங்கைக்கு மேல் வைத்து எடுத்துவிட்டார்கள்.

சங்கத்துக்காரர்கள் எழுதிப் போட்டு, விசாரணைக்கு லேபர் இன்ஸ்பெக்டர் வந்தார். அதற்கு முந்தின நாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு எதிரே உட்காரச் சொன்னார்.

"நாளைக்குக் கேப்பாங்க. உள்ளதைச் சொல்லுங்க, அம்மிணி. நானும் உள்ளதைத்தான் சொல்லுவேன். நான் அந்தப் புள்ளையை அனுப்பச் சொன்னனுங்களா?"

"இல்லீங்க."

"போகச் சொன்னது ஆரு?"

"நான்தானுங்க."

"அதைச் சொல்லீருங்க."

மிரட்டவில்லை. ஆசை காட்டவும் இல்லை. பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு கொடுத்தார். நான் ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. நான் அனுப்பினேன் என்று சொன்னால், வேலையாக அனுப்பப்பட்டவள் என்று மைமூனுக்கு நஷ்டஈட்டுக்கு ஏதாவது வழி பிறக்கலாம். ஆனால் ஒரு கை போனதற்கு நான்தான் காரணம் என்று என் வாயாலேயே ஆகும். போலீசு வரும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். வேலை கட்டாயம் போகும்.

இன்ஸ்பெக்டர் முதலில் மேனேஜரைக் கேட்டார். நான்கு கம்பெனியும் தனித்தனி, காகிதம் இருக்கிறது என்றார் அவர். மைமூன் இரண்டாம் கம்பெனி ஆள், மூன்றாம் கம்பெனியில் அவள் பேர் இல்லை என்றார். போவதைப் பார்த்தீர்களா என்றதற்குப் பார்க்கவில்லை என்றார். எல்லாம் உண்மை. பிறகு இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார்.

"யாரும்மா அனுப்புனது?"

"யாரும் அனுப்பலீங்க. அவளாத்தான் போனா."

வேறு கம்பெனிக்குள் அனுமதியில்லாமல் புகுந்தவள் என்று எழுதிக்கொண்டு போனார்கள். மைமூனுக்கு எதுவும் வரவில்லை.

அன்று சாயந்திரம் மேனேஜர் என் மேஜைக்கு வந்தார். "பொய் சொல்லீட்டீங்களே" என்றார்.

"கம்பெனிக்காகத்தானுங்க சொன்னேன்."

"கம்பெனி கேக்கலீங்களே."

அழுகிய பழத்தைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தார். அதற்கப்புறம் என்னை அம்மிணி என்று அவர் கூப்பிட்டதே இல்லை. அதோடு விடவும் இல்லை. ஆரஞ்சுப்பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். 'என்னை அனுப்பினது யாருன்னு ருக்மணி சொன்னாளா' என்று என் பேரைச் சொல்லி மைமூன் கேட்டிருக்கிறாள். இல்லீங்க, நீங்களாப் போனதாச் சொல்லீட்டாங்க என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். கேட்டாள், சொன்னார்.

மைமூன் மூன்று வருஷம் என் முகத்தில் விழிக்கவில்லை. பிறகு ஒரு நாள் சந்தையில் எதிர்ப்பட்டு, பேசாமல் கொஞ்ச தூரம் கூடவே நடந்தாள். அப்புறம் நான் அவள் வீட்டுக்குப் போக வர ஆரம்பித்தேன். பழைய மாதிரி பேசிக் காட்டிச் சிரிக்க வைக்க மாட்டாள். உட்கார் என்பாள், உட்காருவேன்.

முதலாளி மாரடைப்பில் போன பிறகு மகன் வந்தான். பட்டணத்தில் படித்தவன். வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்ப வேண்டும், இங்கிலீஷ் தெரிந்த மேனேஜர் வேண்டும் என்றான். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் மேனேஜர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். சட்டையில் நீலம் இல்லை. உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"என்னை வேலைல இருந்து நிறுத்தீட்டாங்க. உங்க பேரு எந்தக் கம்பெனில இருக்குதுன்னு சின்ன முதலாளி கேட்டாரு. என் பேரு எதுலயும் இல்லைன்னு உள்ளதைச் சொன்னேனுங்க" என்றார்.

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. நான்கு கம்பெனியிலும் ஒன்பது ஒன்பது பேர் நிரம்பியிருந்தார்கள். எதில் தன் பேரை எழுதினாலும் அது பத்தாகிவிடும் என்று இத்தனை வருஷமாக அவர் தன் பேரை எங்கேயும் எழுதவே இல்லை.

"லேபர் ஆபீசுல மனுக் குடுத்திருக்கறனுங்க. நாலும் ஒரே கம்பெனிதான், நாலுக்கும் நான்தான் மேனேஜருன்னு என் கையாலயே எழுதியிருக்கறேன். சாட்சி ஒண்ணு வேணுமுங்க. மத்தவங்கல்லாம் சின்ன முதலாளிக்குப் பயப்படறாங்க."

"அன்னைக்கு நாலும் வேற வேறன்னு சொன்னீங்களே?"

"காயிதத்துல இருந்ததைச் சொன்னேன். இன்னைக்கு எடத்துல இருந்ததைச் சொல்றேனுங்க. இந்த மனு ஜெயிச்சுதுன்னா எனக்கு மட்டுமில்லீங்க. பழைய ஆளுங்க எல்லாத்துக்கும் ஆகுமுங்க. கை போன புள்ளைக்குங்கூட நஷ்டஈடு கெடைக்குமுங்க."

தனக்குச் சாட்சி வேண்டும் என்றதும் மைமூன் பேரை இழுக்கிறார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை. "வர்றனுங்க. பஸ்ஸுக்கு எத்தனை மணிக்குப் போகோணும்?" என்றேன்.

கோயமுத்தூர் ஆபீசில் சின்ன முதலாளி பக்கம் வக்கீல் உட்கார்ந்திருந்தார். அதிகாரி என்னைக் கேட்டார்.

"இவரைத் தெரியுமா?"

"தெரியுமுங்க."

"கம்பெனில என்ன வேலை பார்த்தாரு?"

"எனக்குத் தெரிஞ்சு ஒரு வேலையும் இல்லீங்க. பேப்பர் படிக்க வருவாருங்க."

வக்கீல் சிரித்துவிட்டார். மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அதிகாரி அவரிடம், "இந்தம்மா சொல்றது நெசமா?" என்று கேட்டார். மறுத்துப் பேச எவ்வளவோ இருந்தது.

"பேப்பர் படிச்சது நெசமுங்க" என்றார் மேனேஜர்.

மனு அங்கேயே முடிந்தது. திரும்பும்போது ஒரே பஸ். நான் முன்னால், அவர் பின்னால். அவிநாசியில் இறங்கினார். என் ஜன்னலைத் தாண்டித்தான் போனார். நிமிர்ந்து பார்க்கவில்லை, வசை பாடவில்லை. அதன்பிறகு நான் அவரைப் பார்க்கவே இல்லை. எனக்கு நல்ல பசி. திருப்பூரில் இறங்கியதும் ஓட்டலுக்குப் போய் இரண்டு ரோஸ்ட் சாப்பிட்டேன். சாப்பிட்ட கையோடு மைமூன் வீட்டுக்கு நடந்தேன்.

அவள் வாசலில் உட்கார்ந்து வேஸ்ட் துணி பிரித்துக்கொண்டிருந்தாள். கட்டிங்கில் விழுகிற பனியன் துண்டுகளை மூட்டையாகக் கொடுப்பார்கள், வெள்ளை தனி, கலர் தனி என்று பிரித்துத் தர வேண்டும். மூட்டையை ஒரு காலால் மிதித்துக்கொண்டு இடது கையால் உருவிக்கொண்டிருந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அதிகாரி கேட்டது, நான் சொன்னது, வக்கீல் சிரித்தது. அவர் நின்ற மாதிரியே கையைக் கட்டிக்கொண்டு நின்றும் காட்டினேன். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன்.

"நாலும் ஒண்ணுன்னு அந்தாளு எழுதிக் குடுத்திருந்தானா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"அவன் கையாலயேவா?"

"அவன் கையெழுத்துதான்."

"நாலும் ஒண்ணுன்னா, நான் நம்ம கம்பெனிலதான வேலை பாத்துட்டு இருந்திருக்கறேன்" என்றாள். "வேற கம்பெனிக்குள்ள பூந்தவ இல்லையே நானு."

உனக்காகத்தான் அவனை விட்டுவைக்கக் கூடாது என்று செய்தேன் என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாளா என்று தெரியவில்லை. கையிலிருந்த துண்டு வெள்ளையா, சாயம் ஏறினதா என்று தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"அக்கட்டால நகரு ருக்கு. வெளிச்சத்தை மறைக்கறே" என்றாள்.